ஹாட் டப் என்பது சின்ன நீச்சல் குளம் அல்ல

கேள்வி: டாக்டர், நாங்கள் சிகாகோ பக்கம் இருக்கிறோம். மகளுக்கு ஒன்பது வயது, மகனுக்கு நான்கு. டிசம்பர் விடுமுறையில், ஊரிலிருந்து வந்திருந்த மாமனார் மாமியாரோடு விஸ்கான்சின் டெல்ஸில் ஒரு ரிசார்ட்டுக்குப் போயிருந்தோம். நீர்ச்சறுக்கில் ஆடிவிட்டுப் பிள்ளைகள் குளிரில் நடுங்கியதால் ஹாட் டப்பில், அதாவது பலர் சேர்ந்து உட்கார்ந்து ஊறும் வெந்நீர்த் தொட்டியில், உட்கார வைத்தோம். மகன் அவன் அப்பா மடியில் இருபது நிமிடம் சமர்த்தாக இருந்தான். மகளும் இன்னும் இரண்டு பிள்ளைகளும் குதிப்பதும் மூழ்குவதுமாக இருந்தார்கள். ஏற்கெனவே அங்கே இருந்த ஒரு தம்பதி எழுந்து போய்விட்டார்கள். இன்னொரு பெண்மணி லைஃப்கார்டிடம் போய்ச் சொல்ல, அவர் வந்து, ஐந்து வயதுக்குக் கீழ் அனுமதி இல்லை என்று மகனை வெளியே எடுக்கச் சொன்னார். பலகையிலும் அப்படித்தான் போட்டிருந்தது. நாங்கள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மாமியாருக்கு ரொம்ப வருத்தம். "தினமும் வெந்நீரில் குளிக்கிற பிள்ளைக்கு இதில் என்ன ஆகிவிடும்?" என்றார். எனக்கோ, நம் நிறத்தைப் பார்த்துத்தான் சொன்னார்களோ என்று இருந்தது. இரண்டு நாள் கழித்து மகளுக்கு நீச்சலுடை பட்ட இடமெல்லாம் சிவப்புச் சிவப்பாகப் பொரிப்பொரியாக வந்துவிட்டது. வசந்த விடுமுறைக்கு மூன்று குடும்பமாக, ஏழு பிள்ளைகளோடு திரும்பவும் போகிறோம். எந்த வயதிலிருந்து விடலாம்? அங்கே எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்துக்கொண்டே வந்தவள், 'சமர்த்தாக இருந்தான்' என்ற இடத்தில் நின்றுவிட்டேன். நான்கு வயதுப் பையன். அதுவரை சறுக்கில் ஏறுவதும் இறங்குவதுமாக ஆடியவன். அவன் இருபது நிமிடம் அசையாமல் இருந்தான் என்றால் அது சுகத்தில் வந்த அமைதியாகவும் இருக்கலாம். சூடு ஏறி உடம்பு துவண்டதாகவும் இருக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரால் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாது. குழந்தை மருத்துவராக எனக்கு இரண்டாவதுதான் முதலில் தோன்றும். அந்த லைஃப்கார்டு வந்து அவனை எடுக்கச் சொன்னது நல்லதாகப் போயிற்று.

உங்கள் மாமியாரின் கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் சொல்லிவிட்டு மற்றதற்கு வருகிறேன். வீட்டில் வெந்நீர்க் குளியல் என்றால் என்ன செய்கிறோம்? விளாவிய தண்ணீரைச் சொம்பில் மொண்டு ஊற்றுகிறோம். ஊற்றிய தண்ணீர் உடம்பில் நிற்பதில்லை, வழிந்து போய்விடுகிறது. ஒரு சொம்புக்கும் அடுத்த சொம்புக்கும் நடுவே தோலில் காற்றுப் படுகிறது. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் நாளில்கூடப் பிள்ளையைக் கழுத்தளவு வெந்நீரில் உட்கார வைத்து யாரும் ஊறவிடுவதில்லை. ஹாட் டப்பில் நடப்பது அந்த ஊறல்தான். அங்கே தண்ணீர் 40 டிகிரி செல்சியஸ் வரை, அதாவது 104 ஃபாரன்ஹீட் வரை இருக்கும். அதற்கு மேல் போகக் கூடாது என்பது அமெரிக்க நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம் சொல்லும் எல்லை. ஆரோக்கியமான பெரியவர்களுக்கே அதுதான் உச்சம். நம் உடம்பின் சூடு 37 டிகிரி. உடம்பைவிடச் சூடான தண்ணீரில் கழுத்துவரை இருக்கும்போது வெப்பம் உள்ளே வருமே தவிர, வெளியே போக வழியில்லை. வியர்த்தாலும் அந்த வியர்வை காய்ந்தால்தானே உடம்பு குளிரும்? தண்ணீருக்குள் அது காய்வதே இல்லை.

இதில் சின்னப் பிள்ளைகள்தான் சீக்கிரம் சூடேறுவார்கள். எடையோடு ஒப்பிட்டால் அவர்களுடைய தோல்பரப்பு பெரியவர்களைவிட அதிகம். அப்பாவின் 75 கிலோ உடம்பு மெதுவாக வாங்கும் சூட்டை, 16 கிலோ உடம்பு மடமடவென்று வாங்கிக்கொள்ளும். அப்பாவுக்கு இதமாக இருக்கும் நேரத்தில் மடியில் இருக்கும் பிள்ளைக்கு அளவு தாண்டியிருக்கும். இரவு இரண்டு மணிக்குப் பிள்ளைக்கு 40 டிகிரி காய்ச்சல் என்றால் பதறிப்போய் எனக்குப் போன் செய்வீர்கள். அதே சூட்டில்தான் அவன் இருபது நிமிடம் இருந்தான். குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்தப் பலகையில் இருந்த எண் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை ஹாட் டப்பில் விடவே வேண்டாம் என்று அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. சொல்கிறது. மடியில் வைத்துக்கொண்டால் பரவாயில்லை, ஐந்தே நிமிடம் என்றால் பரவாயில்லை என்ற பேச்சுக்கு இடமில்லை.

இனிமேல் எந்தப் பிள்ளையாக இருந்தாலும் முகத்தையும் காதையும் பாருங்கள். வெளுத்த நிறப் பிள்ளைகளிடம் தெரியும் அளவுக்கு நம் பிள்ளைகளின் தோலில் சிவப்பு தெரியாது. காதுமடலைத் தொட்டுப் பாருங்கள், கொதிக்கும். பேச்சு குறையும், கண் சொக்கும், தலை வலிக்கிறது, வயிற்றைப் பிரட்டுகிறது என்பார்கள். உடனே தூக்கி வெளியே கொண்டுவந்து, துடைத்து, காற்றாட உட்கார வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் கொடுங்கள். வாந்தி எடுத்தாலோ, கூப்பிட்டால் சரியாகப் பதில் வராவிட்டாலோ யோசிக்காமல் 911.

அடுத்தது மூழ்குவது. இதை என் வீட்டுக் கதையாகவே சொல்கிறேன். என் மகளுக்கு அப்போது ஆறு வயது. ஒரு ஹோட்டலில் சாயங்கால நேரம், தொட்டியில் நாங்கள் இருவர் மட்டும். தண்ணீரைப் பீச்சியடிக்கும் ஜெட் ஓடிக்கொண்டிருந்ததால் தண்ணீர் முழுக்க வெள்ளை நுரை. அவள் படிபோல இருக்கும் இருக்கையில் உட்கார்ந்திருந்தாள். துண்டு எடுக்க எழுந்தேன். கையோடு போனில் வந்திருந்த ஒரு செய்தியையும் பார்த்தேன். திரும்பினால் இருக்கையில் ஆள் இல்லை. நுரையின் மேல் கறுப்பாக ஒரு கொத்து முடி மட்டும் தெரிந்தது. கையைவிட்டுத் தோளைப் பிடித்து இழுத்தேன். இருமினாள், அப்புறம் அழுதாள். கால் வழுக்கி நடுவில் போயிருக்கிறாள். சத்தமில்லை, கையை ஆட்டவில்லை, தண்ணீர் தெறிக்கவில்லை. நான் மூன்றடி தூரத்தில் நின்றிருந்தேன். அன்றிலிருந்து தண்ணீர்ப் பக்கம் போனைக் கொண்டுபோவதில்லை.

பெரும்பாலான ஹாட் டப்களில் நடுவில் மூன்று முதல் நான்கு அடி ஆழம் இருக்கும். நான்கு வயதுப் பிள்ளையின் உயரமே ஏறக்குறைய மூன்றேகால் அடிதான். பெரியவர்களுக்கு மார்பளவு என்று தோன்றுவதால் நமக்குப் பயம் வருவதில்லை. நுரையடிக்கும்போது அடியில் என்ன நடக்கிறது என்று தெரியாது. வெளியில், பனிக்கு நடுவே இருக்கும் தொட்டியாக இருந்தால் ஆவியும் சேர்ந்துகொள்ளும். எதிரே இருக்கும் பிள்ளையின் முகம்கூடச் சரியாகத் தெரியாது. அதனால் கை நீட்டினால் தொடும் தூரத்தில், தொட்டிக்குள்ளேயே, ஒரு பெரியவர் இருக்க வேண்டும். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து பார்ப்பது போதாது.

உங்கள் மகள் தலையை முக்கி விளையாடினாள் என்று எழுதியிருந்தீர்கள். எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தந்தது அதுதான். தொட்டியின் அடியில், அல்லது பக்கச் சுவரில், தண்ணீரை உறிஞ்சும் வாய் இருக்கும். மோட்டார் அதன் வழியாக இழுத்துச் சுத்தம் செய்து, ஜெட் வழியாகத் திருப்பி அனுப்பும். அதன் மூடி சரியாக இல்லாவிட்டால் அந்த இழுவையில் முடி, உடை, உடம்பே சிக்கிக்கொள்ளும். 2002 ஜூன் மாதம் வர்ஜீனியா கிரேம் பேக்கர் என்ற ஏழு வயதுச் சிறுமி அப்படித்தான் ஒரு ஹாட் டப்பில் இறந்துபோனாள். நன்றாக நீந்தத் தெரிந்தவள், நீச்சல் அணியில் இருந்தவள். அம்மா எவ்வளவு இழுத்தும் முடியவில்லை. இரண்டு ஆண்கள் சேர்ந்து இழுத்துத்தான் அவளை விடுவித்தார்கள். அமெரிக்காவின் முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஜேம்ஸ் பேக்கரின் பேத்தி அவள். அவளுடைய அம்மா நான்சி பேக்கர் பல வருடம் போராடியதில் 2007 டிசம்பரில் அவள் பெயரிலேயே ஒரு சட்டம் வந்தது. அடுத்த வருடம் டிசம்பரிலிருந்து, பொதுக் குளங்களிலும் ஹாட் டப்களிலும் சிக்கவைக்காத மூடி கட்டாயம் ஆயிற்று. இந்தக் குடும்பத்தை நினைக்காமல் நான் எந்தத் தொட்டியிலும் கால் வைத்ததில்லை.

சட்டம் இருக்கிறதே என்று விட்டுவிட வேண்டாம். ஜெட் ஓடாத நேரத்தில் தண்ணீர் தெளிந்திருக்கும். அப்போது எட்டிப் பாருங்கள். மூடி உடைந்திருந்தாலோ, ஆடினாலோ, திருகு கழன்றிருந்தாலோ யாரையும் இறங்க விடாமல், ஊழியரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள். சுவரில் மோட்டாரை நிறுத்தும் அவசரப் பொத்தான் எங்கே இருக்கிறது என்றும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பெண் பிள்ளைகளுக்கு முடியைத் தூக்கிக் கொண்டை போட்டுவிடுங்கள். தொங்கும் சடை வேண்டவே வேண்டாம். கழுத்துச் சங்கிலி, கொலுசு, நாடா தொங்கும் உடை எல்லாம் அறையிலேயே இருக்கட்டும். தலை தண்ணீருக்கு மேல்தான் இருக்க வேண்டும். இந்த ஒரு விதியில் மட்டும் பிள்ளைகளிடம் கொஞ்சமும் இளகாதீர்கள்.

மகளுக்கு வந்த பொரிக்குப் பெயரே ஹாட் டப் ராஷ். சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா முடிக்கால்களில் புகுவதால் வருவது. ஈரமான நீச்சலுடை தோலோடு ஒட்டிக்கொண்டிருக்கும் இடத்தில்தான் அதிகமாகப் பொரியும். நீங்கள் எழுதியது அப்படியே பொருந்துகிறது. பெரும்பாலும் சில நாளில் தானே ஆறிவிடும். ஆறாமல் நீடித்தாலோ, சீழ் கட்டினாலோ, காய்ச்சல் வந்தாலோ டாக்டரிடம் காட்டி, ஹாட் டப்பில் இருந்ததையும் சொல்லுங்கள். அடுத்த முறை வெளியே வந்தவுடன் நீச்சலுடையைக் கழற்றி, சோப்புப் போட்டுக் குளிக்க வைத்துவிடுங்கள், உடையையும் துவைத்துவிடுங்கள்.

அந்தத் தண்ணீர் எப்படிக் கெடுகிறது என்று யோசித்துப் பாருங்கள். எட்டுப் பேர் உட்காரும் ஹாட் டப்பில் ஏறக்குறைய 2000 லிட்டர் தண்ணீர் இருக்கும். ஊரில் மொட்டை மாடியில் வைக்கிறோமே சின்டெக்ஸ் தொட்டி, அந்த அளவு. அதில்தான் காலையிலிருந்து எத்தனையோ பேர் ஏறி இறங்குகிறார்கள். சூட்டில் குளோரினும் சீக்கிரம் தீர்ந்துவிடும். வியர்வை, லோஷன், தலையில் தேய்த்த தேங்காய் எண்ணெய், சிறுநீர் என்று ஒவ்வொன்றும் அதைத் தின்றுவிடும். மூக்கைத் துளைக்கும் குளோரின் வாடை வந்தால் சுத்தமாக இருக்கிறது என்றுதானே நினைக்கிறோம்? அழுக்கோடு சேர்ந்து தீர்ந்துபோன குளோரினின் வாடை அது. நல்ல தண்ணீரில் லேசாகத்தான் வாடை இருக்கும். கடையில் சோதனைப் பட்டை கிடைக்கிறது, விலையும் குறைவு. தண்ணீரில் நனைத்து, மாறிய நிறத்தைப் புட்டியில் இருக்கும் நிறங்களோடு ஒப்பிட வேண்டும். குளோரின் குறைந்தது 3 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் மூன்று பங்கு), குளோரினுக்குப் பதில் புரோமின் போடும் இடமென்றால் 4 முதல் 8, தண்ணீரின் அமில காரத் தன்மையைக் காட்டும் பிஹெச் 7.0 முதல் 7.8. இந்த வேலையை உங்கள் மகளிடமே கொடுங்கள். ஒன்பது வயதுக்கு இது ரொம்பப் பிடிக்கும். பட்டை சரியில்லை என்று அவள் சொன்னால் யாரும் இறங்கக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி, எழுந்து போன அந்தத் தம்பதி. நிறம் பற்றிய உங்கள் வருத்தத்தை நான் தள்ளிவிட மாட்டேன். இந்த நாட்டில் இத்தனை வருடம் இருந்தவள். அந்தப் பார்வை எனக்கும் தெரியும். ஆனால் இந்த இடத்தில், யாருடைய பிள்ளைகள் குதித்திருந்தாலும் அவர்கள் எழுந்துதான் போயிருப்பார்கள். கை கால் வலிக்கும் முதுகுவலிக்கும் இதம் தேடி, முழங்காலோடு முழங்கால் இடிக்கும் இடத்தில், முன்பின் தெரியாதவர்கள் நீச்சலுடையில் உட்கார்ந்திருக்கிறார்கள். அது ஒரு திண்ணை மாதிரி. திண்ணையில் பெரியவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது பிள்ளைகளை நடுவில் குதிக்க விடுவோமா? அதே மரியாதைதான் இங்கேயும். யாராவது உள்ளே இருந்தால் நின்று, "நாங்கள் பிள்ளைகளோடு வரலாமா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் சிரித்துக்கொண்டே நகர்ந்து இடம் கொடுப்பார்கள். முகம் சுளித்தால் பத்து நிமிடம் கழித்து வந்தால் போகிறது. குளித்துவிட்டு இறங்குங்கள், எண்ணெய்த் தலையை ஷாம்பு போட்டு அலசிவிட்டு. உள்ளே பந்து, பொம்மை, தின்பண்டம் வேண்டாம். குதிக்காமல் கைப்பிடியைப் பிடித்து இறங்கட்டும். போட்டோ எடுப்பதும் வேண்டாம். பின்னால் இருப்பவர் நீச்சலுடையில் இருக்கிறார், அவரிடம் நாம் கேட்கவில்லை. வயிற்றுப்போக்கு இருந்த பிள்ளையை எந்தக் குளத்திலும் இறக்காதீர்கள். நீச்சல் டயபர் மலத்தை ஓரளவு தாங்கும், கிருமியைத் தாங்காது.

வயது விதி இடத்துக்கு இடம் மாறும். கலிஃபோர்னியாவில் 14 வயதுக்குக் கீழ் உள்ளவர்கள் பெரியவர் துணையில்லாமல் இறங்கக் கூடாது என்று பலகை வைத்திருப்பார்கள். சில ரிசார்ட்டுகளில் பெரியவர்களுக்கு மட்டும் என்றே ஒரு தொட்டி இருக்கும். பலகையில் என்ன இருக்கிறதோ அதற்குக் கட்டுப்படுங்கள். அதில் ஒன்றுமே இல்லையென்றால் என் கணக்கு இது: ஐந்துக்குக் கீழ் கிடையாது. அதற்கு மேல், நடுவில் நின்றால் தோள் வெளியே தெரிய வேண்டும். தெரியாவிட்டால் வயது எவ்வளவு ஆனாலும் இன்னும் காலம் வரவில்லை. பன்னிரண்டு வயது வரைக்கும் ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், பிறகு வெளியே வந்து தண்ணீர் குடித்து உடம்பு ஆறட்டும். அதற்கு மேலே பத்து நிமிடம் போகலாம். சூட்டைக் குறைக்க வழியிருந்தால் 37 டிகிரிக்கு மேல் வேண்டாம்.

ஏழு பிள்ளைகள் என்றீர்கள். ஆறு பெரியவர்கள் இருப்பீர்கள், எல்லாரும் பார்த்துக்கொள்வோம் என்று தோன்றும். அப்படி எல்லாரும் பார்க்கும்போதுதான், அவர் பார்க்கிறார் என்று இவரும், இவர் பார்க்கிறார் என்று அவரும் பேச்சில் இறங்கிவிடுகிறோம். இப்போதே முறை போட்டுவிடுங்கள். ஒருவருக்குப் பதினைந்து நிமிடம். கையில் ஒரு ரப்பர் வளையம் போட்டுக்கொள்ளட்டும். வளையம் யார் கையில் இருக்கிறதோ அவர் பீர் குடிக்கக் கூடாது, போன் தொடக் கூடாது, பிள்ளைகளோடு தொட்டிக்குள் இருக்க வேண்டும். அடுத்தவர் கைக்கு அது மாறும்போது "இனி நீங்கள்" என்று வாய்விட்டுச் சொல்லி மாற்ற வேண்டும். இரண்டு பிள்ளைகளுக்கு மேல் ஒரே நேரத்தில் வேண்டாம். பல இடங்களில் ஜெட் தானே நின்றுவிடும், மறுபடி ஓட்ட வெளியே வந்துதான் பொத்தானை அழுத்த வேண்டும். எழுந்து வரட்டும் என்பதற்காகத்தான் அப்படித் தள்ளி வைத்திருக்கிறார்கள். பிள்ளைகளை ஓடிப்போய் அழுத்தச் சொல்லாதீர்கள். ஈரத் தரையில் ஓடி மண்டை உடைந்து தையல் போட வருகிறவர்களை நான் நிறையப் பார்க்கிறேன். லைஃப்கார்டு இருந்தால் நல்லது, ஆனால் அவர் கண் முழுக் குளத்தின் மேல் இருக்கும். உங்கள் பிள்ளைக்கு மட்டும் அவர் ஆள் இல்லை.

மாமனாருக்கு இரத்த அழுத்தத்துக்கோ சர்க்கரைக்கோ மாத்திரை இருந்தால், இறங்குவதற்கு முன் அவருடைய டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சூட்டில் இரத்தக் குழாய்கள் விரியும்; எழுந்திருக்கும்போது கண்ணை இருட்டிக்கொண்டு வரும். அந்த நிலையில் பேரனைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை அவரிடம் விடாதீர்கள். உங்கள் கூட்டத்தில் கர்ப்பமாக இருப்பவர் யாராவது இருந்தால் அவரும் டாக்டரைக் கேட்காமல் இறங்க வேண்டாம்.

இனி சின்னவன். அக்கா உள்ளே இருந்தால் அவன் அழுவான். அதனால் இருவரையும் ஒரே நேரத்தில் அந்தப் பக்கம் கூட்டிப்போகாதீர்கள். நீங்கள் மகளோடு தொட்டியில் இருக்கும் ஐந்து நிமிடம் அவன் அப்பாவோடு ஆழமில்லாத பிள்ளைகள் குளத்தில் இருக்கட்டும். குளிரில் நடுங்கினால் அவனுக்கு வேண்டியது உலர்ந்த துண்டும் மாற்று உடையும்தான். ஈர உடையைக் கழற்றினாலே பாதி நடுக்கம் போய்விடும். ஃபிளாஸ்க்கில் இளஞ்சூடாக ஹார்லிக்ஸ் கலந்து கொண்டுபோங்கள். அதை அவனுக்குக் கொடுக்கும் வேலையை உங்கள் மாமியாரிடம் விட்டுவிடுங்கள். அவரும் இந்த முறை மகிழ்ச்சியாக இருப்பார்.